கண் டாக்டர் வரிசை

ஒக்காருங்கண்ணே. இங்கன ஒக்காருங்க, இந்த ஒரு ஃபேன்தான் ஓடுது. ஒக்காந்துக்கிட்டு எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க. அந்தா பதினாலாம் நம்பர்க் கதவு இருக்குல்ல, அதையே பாத்துக்கிட்டு இருங்க. உள்ளருந்து யாராச்சும் ஆம்பள வெளிய வந்தா என் தொடையில ஒரு தட்டுத் தட்டுங்க. நானா பாத்தா சந்தேகம் வரும். நீங்க புது ஆளு, ஒங்களுக்கு ஒண்ணுமில்ல.

மொதத் தடவைதான? கேக்கவே வேணாம். மொதத் தடவை வர்றவங்க யாரும் நேரா பதினாலுக்கு வர மாட்டாங்க. பக்கத்துல பன்னண்டாம் நம்பர் கண் டாக்டர் இருக்காருல்ல, அந்த வரிசையிலதான் போய் நிப்பாங்க. தெரிஞ்சவங்க பாத்துட்டா கண்ணு உறுத்துது, அதான் வந்தோம்னு சொல்லிக்கிடலாம். அந்தா மஞ்சச் சேலையும், துப்பட்டாவ முக்காடு போட்ட பொண்ணும் ஒங்க வீட்டம்மாவும் மகளும்தான? பத்து நிமிசமாப் பாக்குறேன், பின்னாடி வர்றவங்கள எல்லாம் நீங்க போங்க, நீங்க போங்கன்னு விட்டுக்கிட்டே நிக்கிறாங்க. நெசமா கண்ணு வலிக்கிறவங்க அப்படி விடுவாங்களா?

வெக்கப்படாதீங்கண்ணே. நானே மூணு வாரம் அங்க நின்னவன். மூணாவது வாரம் பின்னாடி நின்ன ஒரு கெழவி பொறுமை போயி என்னைய உள்ள தள்ளி விட்ருச்சு. டாக்டரு என் நாடியப் புடிச்சு மிசினுல வெச்சுட்டாரு. தூரத்துல இருக்குற எழுத்தெல்லாம் கடகடன்னு படிச்சேன். கையில ஒரு அட்டையக் குடுத்தாரு, ஒண்ணும் தெரியல. பக்கத்துல இருக்கறது எதுவுமே ஒங்களுக்குத் தெரியலையேன்னு எழுதிக் குடுத்துட்டாரு. இந்தா, இந்தக் கண்ணாடி அப்ப வந்ததுதான்.

என் பேரு தவசிமணி. பல்குரல் தவசிமணின்னு சொன்னா மேலூர்லருந்து போடி வரைக்கும் தெரியும். கோயில் திருவிழாவுல பாட்டுக் கச்சேரி நடக்கும்ல, பாடுறவங்க தண்ணி குடிக்க எறங்குற கேப்புல ஒருத்தன் வந்து மைக்கப் புடிப்பான் பாருங்க, அந்தாளு நான்தான். இருபத்தாறு வருசம். ஆடு, மாடு, பஸ்ஸு, அரசியல்வாதி, ரேசன் கடைக்காரன், பொம்பளச் சண்டைன்னா ரெண்டு பக்கமும் நான்தான். யாரையும் ரெண்டு நிமிசம் கேட்டாப் போதும், கொரல் இங்க வந்து ஒக்காந்துக்கிடும். டோக்கன் கூப்புடுற சிஸ்டர் இருக்குல்ல, ‘இருவத்திமூணு, இருவத்திமூணு யாரு, காதுல பஞ்சா வெச்சிருக்கீக’ன்னு மூக்கால இழுக்கும். வந்த ரெண்டாவது வாரம் அப்படியே இழுத்து விட்டேன். மூணு பேரு எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க. அந்த சிஸ்டரே சிரிச்சுப்புட்டு, இனிமே பண்ணாதீகன்னு கையெடுத்துக் கும்புட்டுச்சு.

கதவப் பாருங்கண்ணே. பேச்சு பேச்சா இருக்கட்டும்.

உள்ள இருக்கறது எம்மக நர்மதா. பதினாறு முடிஞ்சு பதினேழு. ஒரே பிள்ள. எட்டு மாசமா என்கிட்டப் பேசறதில்ல. என்கிட்ட மட்டும் இல்ல, வீட்ல யாருகிட்டயுமே இல்ல. அவங்கம்மாகிட்ட மட்டும் தலைய ஆட்டும், கைய ஆட்டும். ஊமையில்ல. சின்னதுல வாயாடி. ஆறு வயசு இருக்கும், ஒரு நா காலையில வாசல்ல பால்காரரு மணியடிக்கிறதுக்கு முன்னாடியே ‘பாலேய்ய்’னு சத்தம் கேக்குது. கதவத் தொறந்தா வாசல்ல யாரும் இல்ல. இது கதவுக்குப் பின்னாடி நின்னு சிரிக்குது. அசல் பால்காரரு. அந்த வெத்தலை போட்ட நாக்கு, அந்த இருமல், எல்லாம். எனக்கே புல்லரிச்சுப் போச்சு. ஆனா பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் ஆகாது, வீட்டுக்கு ஒரு ஆளு போதும் தாயின்னு சொல்லி வெச்சேன். அதோட விட்ருச்சு. சொன்ன பேச்சக் கேக்குற பிள்ள.

எப்ப ஆரம்பிச்சதுன்னு உள்ள இருக்குற மேடம் கேட்டுச்சு. நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், ஒரு காரணமும் இல்லண்ணே. ஜனவரி மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. அவ ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு ஹெட்மாஸ்டரு என்னையத்தான் கூப்ட்டாரு. மக படிக்கிற எடமாச்சேன்னு விசேசமாப் பண்ணினேன். என்கிட்ட ‘வீட்டு ஐட்டம்’னு ஒண்ணு இருக்கு. மக செல்போன் கேட்டு அழுவுறது. ‘எல்லாரும் வெச்சிருக்காங்கப்பா, நான் மட்டும்தான்ப்பா’ன்னு ஆரம்பிச்சு, அழுகை முட்டி, நடுவுல ஒரு விக்கல் வரும் பாருங்க. அந்த விக்கல்தான் கைதட்டு வாங்குற எடம். எம்மக அழுதா அப்படித்தான் விக்கும், அதை நூல் பிசகாம புடிச்சிருக்கேன். பேரெல்லாம் சொல்லல. நான் நாகரிகமானவன். ஆனா எல்லாப் பிள்ளைகளும் அவ பக்கமாத் திரும்பிட்டாக. அம்புட்டு தத்ரூபம். ஆயிரம் பேரு சிரிச்சுச்சு அன்னைக்கு. அவ மட்டும் தலைவலின்னு முன்னாடியே வீட்டுக்கு வந்துட்டா.

அதுக்கப்பறம் ரெண்டு மாசத்துல பேச்சு கொறஞ்சுச்சு. பரிச்சை பயமா இருக்கும்னு நெனச்சோம். அப்பறம் ஸ்கூலுக்குப் போகல. சோறு எறங்கல. செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டா. நான் என்ன சும்மாவா இருந்தேன்? கட்டிலு பக்கத்துல நின்னுக்கிட்டு எல்லாக் கொரலும் போட்டேன். ஹெட்மாஸ்டரு, கண்டக்டரு, பூனைக்குட்டி. பூனைக்குட்டிக்கு சின்னதுல உருண்டு உருண்டு சிரிப்பா. போர்வைய இழுத்துத் தலை வரைக்கும் மூடிக்கிட்டா. சிரிப்பு வந்ததை மறைக்கிறான்னு நெனச்சு இன்னும் ரெண்டு பூனை போட்டேன்.

ஊருக்கு என்ன சொல்றது? மஞ்சக்காமாலைன்னு சொல்லி வெச்சோம். சொன்ன மறுநா அஞ்சு வீட்லருந்து கீழாநெல்லி வந்துருச்சு. எதுத்த வீட்டம்மா அரைச்சு உருண்டையாவே கொண்டாந்துருச்சு. என்ன பண்றது, குடுத்தோம். அவளும் எந்திரிச்சு ஒக்காந்து, மோருல கலக்கிக் குடிச்சுட்டுத் திரும்பிப் படுத்துக்குவா. பதினஞ்சு நா குடிச்சா, ஒரு வார்த்தை சொல்லாம. இல்லாத காமாலைக்கு.

ஜூன் மாசம் ஒரு நா பகல்ல... அது வேணாம்ண்ணே. என்ன பண்ணினான்னு கேக்காதீங்க. அது அவ சொல்றதுன்னா சொல்லணும், நான் சொல்லக் கூடாதுன்னு மேடம் சொல்லிருக்கு. பொழைச்சுட்டா. அம்புட்டுதான்.

மறுநா ஆஸ்பத்திரிக் கட்டில்ல கண்ண மூடிக் கெடந்தா. காலையிலருந்து பொழுது சாயற வரைக்கும் நான் தலமாட்டுலயே நின்னேன். ஒண்ணும் பேசாம நின்னேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். ஆனா எம்பொண்டாட்டி செல்வராணி வேற மாதிரி சொல்றா. ‘ஒருவாட்டி என்னையத் திட்டு தாயி, ஒரே ஒருவாட்டி எந்திரிச்சு என்னையத் திட்டு’ன்னு அதையே சொல்லிக்கிட்டு நின்னேனாம். எனக்கு நெனப்பே இல்ல. யாரு கொரல்லடி சொன்னேன்னு கேட்டேன். அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா.

அங்கருந்துதான் இந்தப் பதினாலாம் நம்பர் மனநலப் பிரிவுக்கு அனுப்புனாங்க. பெரிய டாக்டரு மாத்திரை எழுதுவாரு. பேசறது எஸ்தர் மேடம். புதங்கெழமை புதங்கெழமை முக்கா மணி நேரம். மேடத்தோட கொரல் எப்படின்னா, ரெண்டு வார்த்தைக்கு நடுவுல ஒரு ஆளு நடந்து போயிட்டு வரலாம். ‘சொல்லும்மா. அவசரமே இல்ல.’ இப்படி. ஒங்க மககிட்டயும் இதைத்தான் சொல்லும் பாருங்க. கண் டாக்டர் வரிசைய விட்டு இங்க வந்த மொத வாரம் எங்க ரெண்டு பேரையும் வெளிய ஒக்காரச் சொல்லிருச்சு. இதே பெஞ்சு. கதவுக்கு மேல வெண்டிலேட்டர் தொறந்துருக்குல்ல. அரை மணி நேரம் ஒண்ணும் இல்ல. அதுக்கப்பறம் அது வழியா ஒரு சத்தம் வந்துச்சுண்ணே. வார்த்தை புரியல. ராகம் மட்டும். மேல போயி, கொஞ்சம் தயங்கி, எறங்குது. எம்மக கொரல். அஞ்சு மாசம் கழிச்சுக் கேக்குறேன். செல்வராணி முந்தானைய வாயில வெச்சுக்கிட்டா. எனக்கு எந்திரிச்சுப் போயி அந்த மேடம் காலுல விழலாம்னு இருந்துச்சு. ரெண்டு நிமிசம் கழிச்சு, இந்தப் பொம்பளகிட்டப் பேசறதை என்கிட்டப் பேசினா என்னன்னும் இருந்துச்சு.

வெளிய வந்ததும் கேட்டேன், என்ன மேடம் சொன்னான்னு. ‘அவ சொன்னது அவளோடது சார். அவ உயிருக்கு ஆபத்துன்னு பட்டா ஒடனே ஒங்ககிட்ட சொல்லிருவேன். மத்ததை அவளா சொல்லுவா. அவசரமே இல்ல.’ அவசரமே இல்லையாம். அதுக்கென்ன, பெத்ததா, வளத்ததா?

சனிக்கெழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேடம் செல்வராணி போனுக்குக் கூப்புடும். நர்மதா போன எடுத்துக்கிட்டு மாடிப்படியில போய் ஒக்காந்துக்குவா. நான் எந்தப் பக்கம் போனாலும் பேச்சு நின்னுரும். சரின்னு நாலு வாரம் பொறுத்தேன். அஞ்சாவது வாரம் எங்க குரூப்புல கீபோர்டு வாசிக்கிறவன் போன வாங்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி போனேன். நாலே முக்காலுக்கு அடிச்சேன். மேடத்தோட கொரல் எனக்கு ரெண்டாவது வாரமே வந்துருச்சு.

அப்படிப் பாக்காதீங்கண்ணே. ஒங்க மக ஒங்ககிட்ட எட்டு மாசம் பேசாம இருந்து பாருங்க, அப்பறம் சொல்லுங்க.

‘எஸ்தர் பேசறேம்மா. என் போன் ரிப்பேரு, இது வேற நம்பரு. சொல்லும்மா. அவசரமே இல்ல.’ எடுத்தா. பேசினா. பதினோரு நிமிசம் பேசினா. காதுக்குள்ள, இந்தா, இம்புட்டுப் பக்கத்துல எம்மக கொரல். தூக்கம் வரலைன்னா. மாத்திரை போட்டா வாய் கசக்குதுன்னா. ஸ்கூல்ல அவளப் பாத்தாலே பிள்ளைக விக்கல் விடுறாளுகளாம், அதனாலதான் அங்க போகப் பயமா இருக்குன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். திங்கக்கெழமை விடிஞ்சதும் ஸ்கூலுக்கே போயிட்டேன். என்ன பிள்ளை வளக்குறீங்க, ஒரு பிள்ளையோட அழுகைய எடுத்து வெச்சுக் கேலி பண்றதா, மனுசத்தனம் வேணாமான்னு ஹெட்மாஸ்டர நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டேன். அவரு, அது ஒங்க ஐட்டம்தான சார்னாரு. நழுவப் பாக்குறாரு. நான் பண்றது கலை. அதுவும் இதுவும் ஒண்ணா?

எங்க விட்டேன்? ஆங். போன்ல கேட்டேன், மேடம் கொரல்ல. ‘அப்பாகிட்ட ஏம்மா பேச மாட்டேங்குற?’ அவ சொன்னா.

‘எங்கப்பாவுக்கு எல்லாரு கொரலும் வரும் மேடம். அவரு கொரல்ல என்கிட்டப் பேசி நாளாச்சு. எப்படி இருக்கும்னே மறந்துருச்சு. எதுகிட்டப் போய்ப் பேச?’

பஸ் ஸ்டாண்டு பின்னாடி நிக்கிறேன். சுத்தி இரைச்சல். நான் என்ன சொல்லிருக்கணும்? அந்த எடத்துல போனக் கீழ வெச்சுட்டு வீட்டுக்கு ஓடிருக்கணும்ல? என் வாயி இருக்கே. அதே மேடம் கொரல்ல, ‘ஒங்கப்பா தங்கமான மனுசன்மா, கலைஞன், அவரப் புரிஞ்சுக்கோ’ன்னு நாலு வார்த்தை எனக்கு நானே எடுத்து விட்டேன். சரி மேடம்னு சொல்லி வெச்சுட்டா.

புதங்கெழமை உள்ள போனவ பத்து நிமிசத்துல வெளிய வந்துட்டா. என்ன நடந்துச்சுன்னா, சனிக்கெழமை நீங்க சொன்னீங்கல்ல மேடம்னு ஏதோ ஆரம்பிச்சிருக்கா. நான் சனிக்கெழமை பேசலையேம்மா, போன வீட்டுலயே வெச்சுட்டு அக்கா மக கல்யாணத்துல இருந்தேனேன்னு மேடம் சொல்லிருக்கு. கதவத் தொறந்து அந்தா, அந்த எடத்துல நின்னு என்னையப் பாத்தா. திட்டல. அழல. விக்கல்கூட வரல. பாத்தா, அம்புட்டுதான். நடந்து போயி ஆட்டோவுல ஏறி ஒக்காந்துட்டா. அதுக்கப்பறம் ஏழு வாரம் வரவே இல்ல. போன் வந்தாலும் எடுக்கல. யாரு கொரல நம்பி எடுப்பான்னு செல்வராணி கேட்டா. எம்பொண்டாட்டி அதிகமாப் பேசுற ஆளு இல்லண்ணே. அன்னைக்கு அது ஒண்ணுதான் கேட்டா.

எம்மக வராத அந்த ஏழு வாரமும் மேடம் என்னைய வரச் சொல்லிருச்சு. நம்ம மேல கேஸு குடுக்கப் போகுதுன்னு பயந்துக்கிட்டுப் போனேன். வையவே இல்ல. ஒக்காரச் சொல்லிட்டு, ‘நீங்க பேசுங்க சார். ஒங்க கொரல்ல’ன்னுச்சு. இதென்ன பிரமாதம்னு வாயத் தொறந்தேன். ஹெட்மாஸ்டரு வந்தாரு. இல்ல சார்னுச்சு. மறுபடி தொறந்தேன், மேடை அறிவிப்புக்காரன் வந்தான். இல்லன்னுச்சு. தொண்டையச் செருமிப் பாத்தேன், எங்கண்ணன் மாதிரி இருந்துச்சு. முக்கா மணி நேரம் ஒக்காந்துட்டு எந்திரிச்சு வந்துட்டேன். ஏழு வாரம் இதே கூத்து. சொந்தக் கொரல்ல என்னண்ணே இருக்கு? அதுக்கு எவன் கைதட்டுவான்?

இதுக்கு நடுவுல மேடம் வீட்டுக்கு வேற வந்துச்சு, மூணு தடவை. நர்மதா இருக்குற ரூம்புல தரையில போய் ஒக்காந்துக்கும். பேசாது. ஒரு மணி நேரம் ஒக்காந்துட்டு, வர்றேம்மான்னு போயிரும். மூணாவது தடவை போகும்போது எம்மக ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்திருக்கா. ‘வர்றேன். அப்பா அந்த பெஞ்சுல ஒக்காரக் கூடாது.’

இந்த பெஞ்சுதான். நான் அந்தா, தண்ணி டேங்க் பக்கத்துல நிக்கணும், அதான் பேச்சு. மொத வாரம் நின்னேன். போன வாரம் தண்ணி புடிக்கக் கூட்டம் நெட்டித் தள்ளுச்சு, கொஞ்சம் இப்படி வந்தேன். அப்பதான் கேட்டுச்சுண்ணே. உள்ள ஒரு ஆம்பளக் கொரல்.

என்னைய வெளிய நிறுத்திட்டு எவனை உள்ள விட்ருக்கு? என் வயசு இருக்கும் அந்தாளுக்கு. தொண்டை கட்டுன மாதிரி, களைச்சுப் போன கொரல். மேடைக்கு ஆகாது. மைக்கு முன்னாடி நின்னா ஜனம் எந்திரிச்சுப் போயிரும். ஆனா அவன் பேசினதும் எம்மக பதில் பேசுறாண்ணே. நான் பூனையா, கண்டக்டரா, மேடமா எல்லாம் ஆகிப் பாத்துட்டேன், எவனோ ஒருத்தன் வந்து அந்த மக்கிப்போன கொரல்ல ரெண்டு வார்த்தை பேசறான், இவ பதில் சொல்றா. முக்கா மணி நேரம் கதவையே பாத்தேன், இவ மட்டும்தான் வந்தா. பின் பக்கம் வழி இருக்கான்னு சுத்திப் போய்ப் பாத்தேன், ஜெனரேட்டர் ரூம்புதான் இருக்கு. டோக்கன் சிஸ்டர்கிட்டக் கேட்டா, உள்ள மேடமும் ஒங்க மகளும்தான், வேற யாரும் போகலைங்குது. எல்லாம் கூட்டு.

வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு அந்தக் கொரலப் புடிச்சுப் பாத்தேன். புடிச்சுட்டா அந்தக் கொரல்ல அவகிட்டப் பேசலாம்ல? எனக்கு வர மாட்டேங்குது. இருபத்தாறு வருசத்துல எனக்கு வராத ஒரே கொரலு. வாயத் தொறந்தா வேற எவனாச்சும் வந்துர்றான். அதான் இன்னைக்கு ஃபேனச் சாக்கு வெச்சு இங்க ஒக்காந்துட்டேன். ஆளப் பாத்துட்டாப் போதும். சண்டைக்கெல்லாம் போக மாட்டேன். எப்படிய்யா பேச வெச்சேன்னு மட்டும் கேக்கணும்.

இருங்க.

அந்தா. கேக்குதா? அந்தாளுதான். நாம வந்தப்பறம் உள்ள யாரும் போகலையே, எப்படிண்ணே உள்ள இருக்கான்? பேசாம கேளுங்க. என்னமோ கெஞ்சுறான். ‘ஒருவாட்டி... ஒரே ஒருவாட்டி எந்திரிச்சு என்னையத் திட்டு தாயி.’

கேட்டீங்களா? எம்மகள தாயிங்கிறான். யாருண்ணே அவன்?

ஏண்ணே என்னையவே பாக்குறீங்க? கதவப் பாருங்க.

என்னது?

என் கொரலா?

வெளையாடாதீங்கண்ணே. நான் இங்கல்ல ஒக்காந்துருக்கேன். நான் எப்படி உள்ள... வந்ததுலருந்து ஒங்ககிட்ட நான் பேசிக்கிட்டு இருக்கறது அந்தக் கொரல்லதானா? நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. இப்ப நான் பேசுறேன்ல, இதுவா? இம்புட்டுக் களைப்பாவா இருக்கு?

பால்காரரு. அப்ப பால்காரர எடுத்தவ, இப்ப என்னைய எடுக்குறா. வீட்டுக்கு ஒரு ஆளு போதும்னு நான்தான் சொன்னேன்.

அப்ப அன்னைக்கு அவளுக்குக் கேட்ருக்கு. கண்ண மூடிக் கெடந்தவளுக்கு. ஒரு எழுத்து விடாம வெச்சிருக்காளே. எனக்கே தெரியாம என்கிட்ட இருந்ததை, எங்கயும் தவற விட்ராம.

இந்தா, இது அவ. இப்ப பேசறது அவ சொந்தக் கொரலு. மேல போகுது. ‘நீ ஏம்ப்பா’ங்கிறா. எப்பவும் நீங்க போங்கன்னு மரியாதையாப் பேசுற பிள்ளைண்ணே, ‘நீ’ங்கிறா. திட்டுறாண்ணே. எம்மக என்னையத் திட்டுறா. ஆண்டு விழாவுல நீ ஏம்ப்பா...

எந்திரிங்க. எந்திரிங்கண்ணே, ஃபேனு கெடக்கட்டும். வாங்க அங்கிட்டுப் போயிருவோம். இல்ல, தண்ணி டேங்க் வேணாம், அங்கயும் காத்தடிச்சாக் கேக்கும். நான் காதால கெட்டவன், என்னைய நம்பக் கூடாது. ஒங்க வீட்டம்மாவக் கொஞ்சம் முன்னாடி நகரச் சொல்லுங்க, நாம பின்னாடி நின்னுக்குவோம். இங்க நின்னா ஒண்ணும் கேக்காது. மூணு வாரம் நின்னவன், எனக்குத் தெரியும். அவ திட்டி முடிக்கட்டும். எம்புட்டு நேரம் ஆனாலும் ஆகட்டும்.

என்னம்மா? ஆமாம்மா, வரிசையிலதான் நிக்கிறேன். கண்ணுதான். தண்ணியா வடியுது. நீங்க முன்னாடி போங்க, எனக்கு அவசரமே இல்ல.